கடைசி விமானத்தில் ஓர் இடம்

தண்ணீரில் நனைத்த பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டே, காதில் மாட்டியிருந்த போனில் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் பெரியவள். எதிர்முனையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வாழ்நாளில் முதல் கப்பல் பயணம். புயலால் கப்பல் கிளம்பாது என்று காலையில் செய்தி வந்ததிலிருந்து விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். புயல் எப்போது போகும், போன பிறகு கடல் எப்போது அடங்கும், அடங்கிய பிறகு அதே ஜன்னல் வைத்த அறை தனக்குக் கிடைக்குமா என்று பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். கிடைக்கும் என்றாள் பெரியவள். பயண முகவர் அலுவலகத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில், மனசு எங்கே கிடந்தாலும் குரலை மட்டும் சீராக வைத்துக்கொள்ள அவளுக்குப் பழகியிருந்தது.

அப்பா பஞ்சைக் குழந்தைபோலச் சப்பினார். பிறகு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. தோளைத் தாண்டிக் கதவுக்குப் போனது.

“குட்டி வந்துட்டாளா?”

அவள் போனை அணைத்தாள். “இன்னும் இல்லப்பா. கடல்ல காத்து.”

“டீவிய போடு.”

போட்டாள். நீலக் கடலின் நடுவில் வெள்ளைச் சுழி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அந்த வீட்டில் ஓடியது அந்தப் படம்தான். அப்பா தன் வியாதியை மறந்து புயலின் வியாதியைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால், அது மேற்கே திரும்புமா என்று இவர் டாக்டரைக் கேட்பார். புயலுக்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்திருந்தார்கள். செய்தி வாசிக்கிறவர்கள் அதை வீட்டுப் பெண்ணைச் சொல்வதுபோலச் சொன்னார்கள்: இன்று கொஞ்சம் வடக்கே நகர்ந்திருக்கிறாள், இரவுக்குள் வேகம் பிடிப்பாள். செல்லப் பெயர் வைத்துவிட்டால் போதும், எங்கே போனாலும் ஊரே நின்று பார்க்கும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

தங்கை குறை மாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு வெளியே நின்று அப்பா வைத்த பெயர் குட்டி. இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை வந்துவிட்டது, இன்னமும் குட்டிதான். அன்றைக்கே மற்றவளுக்குப் பெரியவள் என்ற பெயர் விழுந்தது. அப்போது அவளுக்கு வயது ஐந்து.

அம்மா போன பிறகு, கணவனோடு ஒத்துவராமல் பிரிந்திருந்த பெரியவள் அப்பாவோடு வந்து இருந்துகொண்டாள். மாத்திரை, கஞ்சி, படுக்கை மாற்றுவது, நகம் வெட்டுவது எல்லாம் அவள். வாரத்தில் ஒருநாள் தங்கை பூங்கொத்தோடு வருவாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஏதாவது உளறுவாள். அப்பா சிரிப்பார். பல்செட்டைக் கழற்றி வைத்திருந்தாலும் வாய் விட்டுச் சிரிப்பார். அவள் கிளம்பிய பிறகு வீடே சும்மா கிடக்கும். ராத்திரி மாத்திரையைப் பெரியவள் நீட்டினால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

கல்யாண நாளுக்காகத் தங்கையும் அவள் கணவனும் கப்பலில் தீவுகளைச் சுற்றிவர ஆசைப்பட்டபோது, டிக்கெட் போட்டுக் கொடுத்தவள் பெரியவள்தான். அப்பாவுக்கு முடியாமல் போனதும் தங்கை பயணத்தை ரத்து செய்துவிடுவதாக அழுதாள். நீ போயிட்டு வா, நான் பாத்துக்கறேன் என்றாள் பெரியவள். அப்படி ஓர் அக்கா யாருக்கு வாய்க்கும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. மிச்சமிருக்கும் அப்பாவைப் பங்கு போட அவளுக்கு மனசில்லை. கப்பல் கிளம்பிய அன்று அவள் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

இரண்டு நாள்கூட அப்பா அவளுக்குக் கிடைக்கவில்லை. கடலில் புயல் உருவாகிவிட்டது.

புயல் தொடங்கி ஒரு வாரமாகியிருந்த அன்று காலை வந்த நர்ஸம்மா போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். முழங்காலில் ஊதா நிறத் திட்டுகள் பரவியிருந்தன. நாக்குக்கு அடியில் விடும் மருந்தை இன்னும் எத்தனை சொட்டு கூட்டலாம் என்று காட்டிக் கொடுத்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்த பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்மா. வரவேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க.”

சாயங்காலம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

பெரியவள் தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். உடனே போன் வந்தது. கப்பல் தீவுகள் எதையும் தொடாமல் புயலுக்கு முன்னால் ஓடி, போக நினைக்காத ஏதோ ஒரு துறைமுகத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டிருந்தது. பெட்டிகள் கப்பலிலேயே இருக்கின்றன. அந்த ஊர் விமான நிலையத்தையும் மதியத்துக்கு மேல் மூடிவிடப்போகிறார்கள். தங்கை பேசியதைவிட அவள் பின்னால் இருந்த கூட்டத்தின் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது.

“அக்கா, கவுண்டர்ல வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. ஒரே ஒரு சீட்டு போதும்க்கா. இவர் அப்புறமா வரட்டும். நீ நெனச்சா முடியும்.”

“பாக்கறேன்.”

“அப்பா என்னைக் கேட்டாரா?”

“போன வை. பாக்கறேன்னு சொன்னேன்ல.”

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். அந்த ஊரிலிருந்து கிளம்பும் விமானங்கள் ஒவ்வொன்றாக ரத்தாகிக்கொண்டிருந்தன. இன்னும் ரத்தாகாதது ஒன்றே ஒன்று. அதிலும் இடமில்லை. அலுவலகத்தில் அவளோடு வேலை பார்க்கும் மீசைக்காரரைக் கூப்பிட்டாள். மீசையை எடுத்துப் பல வருஷமாகியும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. அங்கேயும் போன்கள் அலறிக்கொண்டிருந்தன. தேனிலவுக்குப் போன ஜோடி ஒன்று ஹோட்டல் குளியலறையில் ஒளிந்துகொண்டு அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கிறதாம். தானும் ஒரு கண் வைத்திருப்பதாகச் சொன்னார். யாராவது ஒருத்தர் கடைசி நிமிஷத்தில் வராமல் போவார்கள், திரையை விட்டு நகராதீங்க என்றார்.

அவள் நகரவில்லை. திரும்பத் திரும்பத் தேடினாள். உள்ளேயிருந்து டீவியின் குரலும் அப்பாவின் மூச்சும் வந்தன. மூச்சு இழுத்து, நின்று, மறந்துபோனதை நினைத்துக்கொண்டதுபோல மறுபடி இழுத்தது.

ஒரு தடவை தேடியபோது இடம் இருந்தது. கடைசி வரிசை, கழிவறைக்குப் பக்கத்தில், நடு இருக்கை. அவள் விரல் தானாகவே அதைப் பிடித்து வைத்தது. அப்படிப் பிடித்து வைத்த இடம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் பயணியின் விவரங்களைப் போட்டு உறுதி செய்யவேண்டும். தங்கையின் பாஸ்போர்ட் எண் அவளுக்கு மனப்பாடம். பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினாள்.

அங்கே விரல் நின்றது.

இந்த விமானம் கிளம்பினால் தங்கை சாயங்காலத்துக்குள் வீட்டில் இருப்பாள். அவள் வருகிறாள் என்று காதில் சொன்னால் அப்பா உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார், அவரால் அது முடியும். தங்கை ஓடிவந்து கட்டில் விளிம்பில் உட்காருவாள். அப்பா கண்ணைத் திறப்பார். குட்டி முகத்தைப் பார்க்கத்தான் மனுஷன் உயிரை வெச்சிருந்தார் என்று ஆயுசு முழுக்க எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தான் எங்கே இருப்போம் என்பதும் பெரியவளுக்குத் தெரிந்தது. வந்தவர்களுக்கு அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருப்பாள். எத்தனை பேருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் கேட்டது.

“குட்டி.”

சின்னக் குரல்தான். அவள் எழுந்து போனாள். லேப்டாப்பை மூடவில்லை.

அப்பாவின் கண் பாதி திறந்திருந்தது. போர்வைமேல் கை மல்லாந்து கிடந்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதும் அந்தக் கை நகர்ந்து அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“வந்துட்டியா.”

நான் பெரியவள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள்.

“வந்துட்டேம்ப்பா.”

“நனைஞ்சியா?”

“இல்லப்பா. லேசாத்தான்.”

அவர் கட்டைவிரல் அவள் விரல் முட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவியது. குட்டியிடம் பேசும் அந்தக் குரலை அவள் ஆயுசு முழுவதும் பக்கத்து அறையிலிருந்துதான் கேட்டிருக்கிறாள். அது முகத்துக்கு நேராக வரும்போது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. மெதுவாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். இத்தனை மாதங்களில் அவள் உட்கார்ந்தது எப்போதும் நாற்காலியில்தான்.

“அக்கா எங்க?”

“அடுக்களைல.”

“கதவ சாத்து.”

எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். கை மறுபடி அவளைப் பிடித்துக்கொண்டது. மேசைமேல் திறந்து கிடந்த திரை அவள் நினைவில் இருந்தது. அந்த இடம் இன்னும் சில நிமிஷம்தான் நிற்கும். கையை உருவிக்கொண்டு போய் இரண்டு வரி தட்டிவிட்டு வந்துவிடலாம். அவள் உருவவில்லை. அப்பாவின் பிடியில் அப்படியொன்றும் பலம் இல்லை.

நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். கொஞ்ச நாளாகத் தூக்கத்தில் அவர் வலது கால் படுக்கையை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கும். இப்போதும் போர்வைக்கு அடியில் அழுத்திக்கொண்டிருந்தது.

“லீவு நாள்ல உங்க ரெண்டு பேரையும் வண்டில கூட்டிட்டுப் போவேன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“உன்ன எனக்குப் பின்சீட்டுல வெப்பேன். கண்ணாடில உன்னையேதான் பாத்துட்டு வருவேன். எங்க விழுந்துடுவியோன்னு.” மூச்சு நின்றது. அவள் காத்திருந்தாள். மறுபடி வந்தது. “அவள முன்னாடி வெப்பேன். படிக்குப் பக்கத்துல.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. படிக்குப் பக்கத்தில் ஒற்றை இருக்கை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் கண் அடிக்கடி மேலே கண்ணாடிக்குப் போகும், போய்விட்டு ரோட்டுக்கு வரும். பக்கவாட்டில் இவள் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பியதில்லை. இறங்குகிற பெண்கள் யாராவது இவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனால்தான் உண்டு.

“அவள ஒரு தடவைகூடத் திரும்பிப் பாத்ததில்லியேப்பா.”

“எதுக்குப் பாக்கணும்?” என்றார். “அவ அந்த சீட்டுல இருந்தா நான் ரோட்ட மட்டும் பாத்தா போதும்.”

டீவியில் சத்தம் குறைந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இத அவகிட்ட சொல்லியிருக்கியாப்பா?”

“அவகிட்ட சொல்றதுக்கு என்ன இருக்கு. அவளுக்குத் தெரியும்.”

அவளுக்குத் தெரியாது. ஐம்பது வயதுவரை தெரியாது. இப்போது தெரிந்ததும்கூடத் தன் பெயருக்கு வரவில்லை, தங்கையின் பெயருக்கு வந்து தன் கையில் விழுந்திருக்கிறது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அப்பா பேசவில்லை. மூச்சுகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒவ்வோர் இடைவெளியிலும் அவளும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒருமுறை வலது கால் போர்வைக்கு அடியில் முழுசாக நீண்டு கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் அழுந்தியது. அப்படியே நின்றது. அவள் வெகுநேரம் காத்திருந்தாள். கால் திரும்ப மடங்கவில்லை, மூச்சும் திரும்பவில்லை.

வெளியில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெயில் அடித்தது. இந்த ஊரில் காற்றே இல்லை.

அவள் அப்பாவின் கண்களை மூடினாள், டீவியை அணைத்தாள், காலைப் பலகையிலிருந்து நகர்த்திப் போர்வையைச் சரிசெய்தாள். பிறகுதான் கூடத்துக்கு வந்தாள். திரையில், நேரம் முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு இருந்தது. விமானம் நிரம்பிவிட்டது. போனில் மீசைக்காரரின் செய்தி இருந்தது. தங்கச்சிக்கு ஒரு இடம் பிடிச்சிருந்தீங்களே, ஏன் விட்டுட்டீங்க, வேற யாரோ எடுத்துட்டாங்க என்று எழுதியிருந்தார்.

அப்பா கூப்பிட்டார் என்று பதில் எழுதினாள். அதில் பொய் எதுவும் இல்லை. யாரைக் கூப்பிட்டார் என்று மீசைக்காரர் கேட்கவில்லை.

தங்கையைக் கூப்பிட்டபோது லைன் கிடைக்கவே பாடாக இருந்தது. விமான நிலையத்தை மூடி, எல்லாரையும் ஒரு ஹோட்டலின் கல்யாணக் கூடத்தில் தரையில் மெத்தை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். ஜன்னல்களுக்குப் பலகை அடிக்கிற சத்தம் கேட்டது. பெரியவள் விஷயத்தைச் சொன்னாள். தங்கை கத்தி அழவில்லை. வெறும் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. லைன் போய்விட்டதோ என்று பெரியவள் பார்த்தாள்.

“கடைசியா என்னைக் கேட்டாராக்கா?”

“கேட்டாரு. நீ வந்துட்டேன்னே நெனச்சுக்கிட்டாரு. நனைஞ்சியான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்னே?”

“லேசாத்தான்னு சொன்னேன்.”

இப்போது தங்கை அழுதாள். அழுகைக்கு நடுவில், வேறு எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டாள். பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது. படிக்குப் பக்கத்து இருக்கை, ரோடு, எல்லாம். இல்லை என்றாள். அது ஒன்றுதான் அவளுடையது.

“நீ கூட இருந்தே,” என்றாள் தங்கை. குரலில் புதிதாக ஏதோ இருந்தது. அது பெரியவள் தனக்குள்ளேயே கேட்டுப் பழகிய குரல்தான், ஆனால் தங்கையின் வாயிலிருந்து கேட்டதில்லை. “எப்பவுமே நீதான் கூட இருந்தே. நான் வந்து வந்து போனவதானே.”

சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்த சித்தப்பா அண்ணன் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டு, வெளியில் வந்ததும் குட்டி எங்கே என்றுதான் கேட்டார். அடுத்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். புயலில் மாட்டிக்கொண்டவளை நினைத்து எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். பெரியவள் டீ போட்டாள். யார் யாருக்குச் சர்க்கரை வேண்டாம் என்று கேட்டாள்.

மறுநாளே எடுத்துவிடலாம், அங்கே எப்போது விமானம் பறக்குமோ தெரியாது என்றார் சித்தப்பா. கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். சரியென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தங்கை இல்லாமலே முடிந்துவிடும்.

“அவ வரட்டும் சித்தப்பா,” என்றாள் பெரியவள். “ஆஸ்பத்திரி குளிர் அறைல வெச்சிருக்கலாம். நான் பேசிட்டேன்.”

தங்கச்சிமேல் எவ்வளவு பாசம் பார் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். காலி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள்.

புயல் கரையைக் கடந்து, வலுவிழந்து, மழையாகிப் போனது. விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் கிடைத்த முதல் இடத்தில் தங்கையைப் போட்டு வரவழைத்தாள் பெரியவள். அவள் கணவனுக்கு அதற்கடுத்த விமானம்தான் கிடைத்தது. தங்கை வந்து இறங்கியபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருந்தது. யாரோ கொடுத்த, மார்பில் மீன் படம் போட்ட மஞ்சள் சட்டை. முகமெல்லாம் உப்புக் காற்றில் சிவந்து, கண் வீங்கி, உதடு வெடித்திருந்தது. அப்படியும் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். வீட்டு வாசலில் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு வரிசை நின்றது. பெரியவள் அதை மாடிப்படியிலிருந்து பார்த்தாள். பிறகு, கிளம்பணும், நேரமாச்சு என்று சொல்லி அவளைப் பிரித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள்.

பெட்டி இன்னும் கப்பலில்தான் இருந்தது. மீன் படச் சட்டையோடு போகமுடியாது. பெரியவள் அலமாரியைத் திறந்து தன்னுடைய முழுக்கை வைத்த சாம்பல் நிற உடுப்பை எடுத்துக் கொடுத்தாள். தங்கை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தோள் சரிந்து தொங்கியது. முழுக்கை, விரல் நுனிகளையும் மூடிக் கீழே இறங்கியிருந்தது.

“உன் உடுப்பெல்லாம் எனக்குப் பெரிசு,” என்றாள்.

பெரியவள் அவளைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டாள். ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு உடுப்பின் வலது கையை மடிக்க ஆரம்பித்தாள். கீழே வண்டி வந்து நின்றது. யாரோ ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

“மீசைக்காரர் பேசினாரு,” என்றாள் தங்கை. “எனக்கு ஒரு சீட்டு கைக்கு வந்து போயிடுச்சாமே.”

பெரியவள் நிமிரவில்லை.

“நீ பிடிச்சு வெச்சிருந்தியாம். அப்பா கூப்பிட்டதும் அப்படியே விட்டுட்டு ஓடிட்டேன்னாரு.” மூக்கை இடது கையால் துடைத்துக்கொண்டாள். “நானா இருந்தாலும் ஓடியிருப்பேன்க்கா.”

பெரியவளின் வாயில் ஊசிகள் இருந்தன. ஒன்றை எடுத்து மடிப்பில் குத்தினாள். கை இன்னும் நீளமாகவே இருந்தது. ஊசியைக் கழற்றிவிட்டு, இன்னொரு மடிப்பு மடித்தாள். பிறகு தங்கையின் மணிக்கட்டு வெளியே தெரியும்வரை இன்னும் ஒன்று.